நீர்க்கோவையும் இரைப்பு நோயும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து, செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டி மேற்கே சென்றால், ஸ்ரீபெரும்புதூரை அடையுமுன் தண்டலம் என்னும் ஊர் வருகின்றது. ஏரி நீரை நம்பி நெல் விளைத்த பகுதி இது. 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து இருங்காட்டுக்கோட்டையிலும், ஸ்ரீபெரும்புதூரிலும், ஒரகடத்திலும் கார் ஆலைகளும் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளும் எழுந்தன. இன்று பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் இங்கே முறை வைத்து வேலை செய்கின்றனர். ஓர் அறையில் நால்வரும் ஐவருமாகத் தங்குகின்றனர். ஒரே பேருந்தில் நெருங்கி அமர்ந்து ஆலைக்குப் போகின்றனர்.

ஐப்பசி மாதத்து மழை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய ஓர் அறையில் ஒருவனுக்கு ஜலதோஷம் பிடிக்கின்றது. இரண்டு மூன்று நாட்களில் மற்ற மூவரும் தும்மத் தொடங்குகின்றனர். மூவருக்கு ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடுகின்றது. நான்காமவன் மட்டும் மூன்றாம் நாள் இரவில் படுக்க இயலாமல் எழுந்து உட்காருகின்றான். மார்பு இறுகுகின்றது, மூச்சை வெளியே விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி கேட்கின்றது. அவனுக்குச் சிறு வயது முதல் இரைப்பு நோய், அதாவது ஆஸ்துமா, உண்டு. சில மாதங்களாகத் தொல்லை இல்லாததால் மருந்தை நிறுத்தியிருந்தான்.

நால்வருக்கும் வந்தது ஒரே நோய்க்கிருமி. உண்ட உணவும் ஒன்று, நனைந்த மழையும் ஒன்று. பின் ஒருவன் மட்டும் மூச்சுக்குப் போராடுவானேன்? மழையில் நனைந்ததுதான் காரணம், குளிர்ந்த நீரைக் குடித்ததுதான் காரணம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். அறிவியல் அறிஞர்கள் இவ்விடையோடு நிற்கவில்லை. அவர்கள் மூச்சுக்குழாயின் உள்தோலிலேயே விடையைத் தேடினர். அங்கே உள்ள உயிரணுக்களில் எந்த மரபணுக்கள் விழித்தெழுகின்றன, எவை உறங்குகின்றன என்று கணக்கெடுத்தனர். அந்த ஆராய்ச்சியின் வரலாற்றையும், அதனால் நமக்கு விளையும் பயனையும் இங்கே காண்போம்.

முதலில் இந்நோய் எத்துணைப் பேருக்கு உள்ளது என்று அறிதல் நலம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்ற ஓர் ஆய்வு, 15 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,70,000 பேரை நாட்டின் பல பகுதிகளில் விசாரித்து, அதன் முடிவை 2012ஆம் ஆண்டில் வெளியிட்டது. நூற்றுக்கு 2.05 பேருக்கு ஆஸ்துமா இருப்பதாக அது கண்டது. இச்சராசரியைக் கொண்டு பார்த்தால், ஆயிரம் பேர் வேலை செய்யும் ஓர் ஆலையில் ஏறத்தாழ இருபது பேர் இந்நோய் உடையவராக இருக்கக்கூடும்.

இனி ஜலதோஷத்தைக் கவனிப்போம். இதனை உண்டாக்கும் வைரசுகள் பல. அவற்றுள் முதன்மையானது ரைனோ வைரஸ். 'ரைனோ' என்பது மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழியே வந்தது. இவ்வைரசின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதினாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். அதனுள் இருக்கும் செய்தி முழுவதும் ஆர்.என்.ஏ. என்னும் ஓர் இழையில், ஏறத்தாழ 7,200 எழுத்துக்களில் அடங்கிவிடுகின்றது.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கருகே 1946ஆம் ஆண்டில் ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பெற்றது. மனமுவந்து வந்த தொண்டர்களின் மூக்கில் நோய்க்கிருமியை இட்டு அங்கே ஆராய்ந்தனர். ஆயினும் அக்கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்ப்பது நெடுநாள் அரிதாகவே இருந்தது. உடலின் வெப்பநிலையாகிய 37 டிகிரியில் அது செழித்து வளரவில்லை. 1960ஆம் ஆண்டில் டேவிட் டிரெல் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும், மூக்கின் உட்புறத்தைப் போன்று 33 டிகிரி வெப்பத்தில் வைத்து அதனை நன்கு வளர்த்துக் காட்டினர்.

இதனால் ஒரு தவறான எண்ணமும் பரவிற்று. குளிர்ந்த மூக்கில் வளரும் வைரஸ், வெப்பம் மிகுந்த மார்புக்குள் இறங்காது என்று பலர் கருதினர். உள்ளே இழுக்கும் காற்று பெரிய மூச்சுக்குழாய்களையும் ஓரளவு குளிரச் செய்கின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 1990ஆம் ஆண்டுகளின் இறுதியிலும் 2000ஆம் ஆண்டிலும் வெளிவந்த ஆய்வுகள், ரைனோ வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலிலும் பெருகுவதை மெய்ப்பித்தன.

ஜலதோஷத்துக்கும் இரைப்புக்கும் உள்ள தொடர்பை எண்களால் காட்டியது, இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரில் 108 பள்ளிச் சிறுவர்களைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு. அதன் முடிவு 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சிறுவர்களுக்கு மூச்சு இரைப்போ, மூச்சின் வேகத்தில் குறைவோ நேர்ந்த போதெல்லாம் மூக்கு நீரைச் சோதித்தனர். நூற்றுக்கு 80 முதல் 85 தடவை அதில் ஏதேனும் ஒரு வைரஸ் காணப்பட்டது. அவற்றுள் மிகுதியானவை ரைனோ வைரசுகளே. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டு மக்கள் வீடுகளில் இருந்தபோது, பல நாடுகளில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைக்கு வருவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. ஜலதோஷம் பரவாமற் போனது இதற்கு ஒரு பெருங்காரணம் என்பர்.

சரி, மரபணுக்களுக்கு இதில் என்ன வேலை? இதனைத் தெளிவாக உணர, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றையே உவமையாகக் கொள்வோம். தொழிற்சாலையின் ஓர் அறையில் எல்லாப் பாகங்களுக்கும் உரிய வரைபடங்கள் காக்கப்படுகின்றன. அவ்வரைபடங்கள் நாளுக்கு நாள் மாறுவதில்லை. ஆனால் இன்று எந்தப் பாகம் வேண்டுமோ அதற்குரிய வரைபடத்தின் படியை மட்டும் எடுத்து வேலைக் கூடத்துக்கு அனுப்புகின்றனர். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் புரதங்களுக்குரிய ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. அவை வரைபடங்கள். அவற்றினின்று எடுக்கப்படும் படிகள், தூது ஆர்.என்.ஏ. எனப்படும் இழைகள். ஒரு மரபணுவினின்று மிகுதியான படிகள் எடுக்கப்பட்டால் அது சுறுசுறுப்பாக இயங்குகின்றது என்கிறோம். படிகள் இல்லையேல் அது உறங்குகின்றது.

மூக்கினுள் மென்மையாகக் கழுவியெடுத்த நீரிலோ, சிறு தூரிகையால் தடவியெடுத்த உயிரணுக்களிலோ உள்ள இப்படிகளை எண்ணுவதற்கு இன்று கருவிகள் உள்ளன. ஒரே சோதனையில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் இயக்கத்தை அளந்துவிடலாம். பெற்றோரிடமிருந்து பெற்ற மரபணுக்கள் வேறு. இன்று, இந்நேரத்தில், அவற்றுள் இயங்குபவை வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மூச்சுக்குழாயின் உள்தோல் வெறும் சுவர் அன்று. அதன் மேல் நுண்ணிய மயிரிழைகள் ஓயாது அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளுகின்றன. இடையிடையே சளியைச் சுரக்கும் உயிரணுக்கள் உள்ளன. சுவரைச் சுற்றிலும் தசை நார்கள் இருக்கின்றன. ரைனோ வைரஸ் இச்சுவரின் மேலுள்ள சில புரதங்களைக் கைப்பிடியாகப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகின்றது. அதன் பெரும்பாலான வகைகளுக்கு ஐகேம்-1 என்னும் புரதமே வாயில்.

2006ஆம் ஆண்டில் ரைனோ வைரசுகளில் அதுவரை அறியப்படாத 'சி' என்னும் இனம் கண்டறியப்பட்டது. வழக்கமான உயிரணு வளர்ப்பில் வளராததால் அது நெடுங்காலம் மறைந்திருந்தது. சிறுவர்களுக்குக் கடும் இரைப்பைத் தருவதில் இது முன்னிற்கின்றது. 2014ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர்கள், சிறு வயதிலேயே கடும் ஆஸ்துமாவால் மருத்துவமனை சேர்ந்த குழந்தைகளின் மரபணுக்களை ஆராய்ந்து, சி.டி.எச்.ஆர்.3 என்னும் மரபணுவில் ஒரு சிறு மாற்றத்தைக் கண்டனர். மறு ஆண்டே, அம்மரபணு உண்டாக்கும் புரதந்தான் 'சி' இன வைரஸ் நுழையும் வாயில் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் காட்டினர். அம்மாற்றம் உள்ளவர்களின் உயிரணுக்களில் இவ்வாயில்கள் மேற்பரப்பில் மிகுதியாக நிற்கின்றன. எனவே வைரசும் மிகுதியாக நுழைகின்றது.

வைரஸ் நுழைந்ததும் உயிரணு வாளாவிருப்பதில்லை. 1957ஆம் ஆண்டில் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்னும் இருவர், வைரஸ் தாக்கிய உயிரணுக்கள் ஒரு பொருளை வெளியிடுவதையும், அதனைப் பெற்ற அண்டை உயிரணுக்கள் வைரசுக்கு இடங்கொடாமல் நிற்பதையும் கண்டனர். அப்பொருளுக்கு இண்டர்பெரான் என்று பெயரிட்டனர். ஊருக்குள் கள்வன் புகுந்தான் என்று முதல் வீட்டார் கூவ, மற்ற வீட்டார் கதவைத் தாழிடுவது போன்றது இது. இண்டர்பெரானின் குரலைக் கேட்டதும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்தெழுகின்றன, வைரசின் ஆர்.என்.ஏ.யை வெட்டும் புரதங்களும், அதன் பெருக்கத்தைத் தடுக்கும் புரதங்களும் உருவாகின்றன.

ஆஸ்துமா உள்ளவர்களில் இக்குரல் தாழ்ந்து ஒலிக்கின்றதோ என்ற ஐயத்தை 2005ஆம் ஆண்டில் சவுதாம்டன் அறிஞர்கள் எழுப்பினர். நலமுள்ளோரிடமிருந்தும் ஆஸ்துமா உள்ளோரிடமிருந்தும் எடுத்த மூச்சுக்குழாய் உயிரணுக்களை வளர்த்து, இரண்டிலும் ரைனோ வைரசை இட்டனர். ஆஸ்துமா உள்ளோரின் உயிரணுக்களில் இண்டர்பெரான் குறைவாகவே சுரந்தது; வைரஸ் மிகுதியாகப் பெருகிற்று. வெளியிலிருந்து இண்டர்பெரானைச் சேர்த்ததும் பெருக்கம் தணிந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் சிலவற்றில், நோய் நன்கு கட்டுக்குள் இருந்தவர்களிடம் இக்குறை தென்படவில்லை. ஆகவே இது எல்லா நோயாளிகளுக்கும் எக்காலத்தும் பொருந்தும் விதியன்று. நோய் அடங்கியிருக்கின்றதா இல்லையா என்பதையும் பொறுத்தது என்று கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியமானது. தாக்குண்ட உள்தோல் டி.எஸ்.எல்.பி., இண்டர்லியூகின்-33 முதலிய எச்சரிக்கைப் பொருள்களையும் வெளியிடுகின்றது. ஒவ்வாமை மிகுந்த மார்பில் இவ்வெச்சரிக்கை தவறான படையை எழுப்பிவிடுகின்றது. இண்டர்லியூகின்-5 என்னும் பொருள் ஈசினோபில் எனப்படும் வெள்ளணுக்களை அழைத்து வருகின்றது. இண்டர்லியூகின்-13 சளி சுரக்கும் மரபணுக்களைத் தூண்டுகின்றது. சுவர் வீங்குகின்றது, தசை சுருங்குகின்றது, கெட்டிச் சளி குழாயை அடைக்கின்றது. நம் இளைஞன் நள்ளிரவில் கேட்ட சீழ்க்கை ஒலி, இவ்வாறு குறுகிய வழியே காற்று வெளியேறும் ஒலியே ஆகும். வைரஸ் மூட்டியது சிறு தீ. அதனைப் பெருந்தீயாக்கியது முன்னரே அங்கே குவிந்திருந்த சருகு.

எல்லா ஜலதோஷமும் இரைப்பில் முடிவதில்லையே. முடிவதற்கும் முடியாததற்கும் இடையே மரபணுக்களின் இயக்கத்தில் வேறுபாடு உண்டா? இக்கேள்விக்கு 2019ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று விடை தேடிற்று. நகரங்களில் வாழும், ஆஸ்துமா அடிக்கடி முற்றும் இயல்புடைய 208 சிறுவர்களை அது தேர்ந்துகொண்டது. ஜலதோஷம் தொடங்கிய முதல் சில நாட்களுக்குள்ளேயே அவர்களை வரவழைத்து, மூக்கு நீரையும் இரத்தத்தையும் எடுத்து, மரபணுக்களின் படிகளை எண்ணினர். பின்னர், எவருடைய ஜலதோஷம் இரைப்பாக முற்றியது, எவருடையது தானே தணிந்தது என்று ஒப்பிட்டனர்.

முற்றியவற்றில் ஒரு வரிசை முறை தென்பட்டது. தொடக்கத்திலேயே, உள்தோலின் பழுதுபார்ப்பை நடத்தும் ஸ்மேட்3 என்னும் மரபணுவைச் சார்ந்த இயக்கம் உயர்ந்தது. நிணவணுக்கள் எனப்படும் காவல் அணுக்களுக்குரிய இயக்கம் தாழ்ந்தது. சில நாட்கள் சென்றபின் சளிச் சுரப்புக்கும், சுவரைத் தடிக்கச் செய்யும் பொருள்களுக்கும், ஈசினோபில்களின் கிளர்ச்சிக்கும் உரிய மரபணுக்கள் எழுந்தன. இவ்வடிப்படை வரிசை, வைரசால் வந்த இரைப்பிலும் வைரஸ் இல்லாமல் வந்த இரைப்பிலும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் வைரசால் வந்ததில் அழற்சியை நடத்தும் வேறு பல மரபணுக் கூட்டங்களும் சேர்ந்து எழுந்தன; வைரஸ் இல்லாமல் வந்ததிலோ தட்டை உயிரணுக்களுக்குரிய கூட்டம் எழுந்தது. அதாவது, மூச்சுத் திணறல் முற்றுமுன்னரே அதற்கான ஏற்பாடுகள் மூச்சுக்குழாயின் உள்தோலில் தொடங்கிவிடுகின்றன.

தண்டலம் போன்ற ஊர்களுக்கு வேறொரு செய்தியும் உண்டு. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கில ஆய்வில், ஆஸ்துமா உள்ள 114 சிறுவர்கள் நாள்தோறும் சுவாசித்த நைட்ரஜன் டை ஆக்சைடின் அளவை அளந்தனர். வாகனப் புகையிலும் எரிவாயு அடுப்பிலும் பிறக்கும் வாயு இது. ஜலதோஷத்துக்கு முந்திய வாரத்தில் இவ்வாயுவை மிகுதியாகச் சுவாசித்தவர்களுக்கு, பின்னால் வந்த இரைப்பும் கடுமையாக இருந்தது. சரக்கு வண்டிகள் இரவு பகலாக ஓடும் நெடுஞ்சாலை ஓரத்தில் வாழ்வோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும். மேலும், ஈரடுக்கு வண்ணப்பூச்சுகளில் கலக்கப்படும் ஐசோசயனேட் என்னும் பொருள், தக்க முகக்காப்பும் காற்றோட்டமும் இல்லாதவிடத்து, முன்பு நோயில்லாதவருக்கும் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது என்பது உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. வேலை நாட்களில் மிகுந்து விடுமுறையில் தணியும் இரைப்பு அதன் அடையாளம்.

இவ்வாராய்ச்சிகளால் புதிய மருந்துகளும் பிறந்தன. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பள்ளி திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஓமலிசுமாப் என்னும் ஊசி மருந்தைச் சிறுவர்களுக்குத் தொடங்கினர். இலையுதிர் காலத்தில் இரைப்பு முற்றியவர் நூற்றுக்கு 11.3 பேர், வெற்று ஊசி பெற்றவரில் 21 பேர். மருந்து பெற்றவர்களின் அணுக்கள் ரைனோ வைரசுக்கு எதிராக மிகுதியான இண்டர்பெரானைச் சுரந்ததையும் கண்டனர். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இண்டர்லியூகின்-5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் என்னும் மருந்தை 290 சிறுவர்களிடம் சோதித்தது. இரைப்பு முற்றும் தடவைகள் நூற்றுக்கு 27 பங்கு குறைந்தன. முற்றிலும் நீங்கவில்லை, ஈசினோபில்கள் அடங்கியபோதும், சளிக்கும் உள்தோல் அழற்சிக்கும் உரிய மரபணுக்கள் சிலரிடம் தொடர்ந்து இயங்கின.

ஆனால் இவை விலை மிகுந்த ஊசிகள். கடும் நோயாளிகள் சிலருக்கே உரியவை. பெரும்பாலோருக்கு வேண்டிய மருந்து எளியது, நெடுநாள் பழகியது. பியூடசோனைடு போன்ற ஸ்டீராய்டை இன்ஹேலர் வழியே சிறிதளவில் உள்ளே இழுப்பதே அது. இந்திய அரசின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. அது வேலை செய்யும் முறையை அறிந்தால் வியப்போம். அம்மருந்து உயிரணுவுக்குள் புகுந்து, ஓர் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து, உட்கருவுக்குள் சென்று, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களின் படி எடுக்கும் வேலையை அடக்குகின்றது. இதுகாறும் நாம் பேசிய மரபணு இயக்கத்தையே அது திருத்துகின்றது. சருகைக் கூட்டி அள்ளும் வேலை இது. ஒரே நாளில் முடிவதன்று. நாட்களும் வாரங்களும் ஆகும்.

சால்பியூட்டமால் என்னும் மற்றோர் இன்ஹேலர் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தி மூச்சை விடுவிக்கின்றது. ஆனால் மரபணுக்களின் கிளர்ச்சியை அது தொடுவதில்லை. அதனை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து என்று கருதி, ஜினா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019ஆம் ஆண்டு முதல், வளர்ந்தோருக்கும் இளைஞருக்கும் சால்பியூட்டமாலைத் தனியே கொடுக்க வேண்டாமென்று அறிவுறுத்தி வருகின்றது.

"நலமாக இருக்கும்போது மருந்து எதற்கு? இன்ஹேலர் பழகிவிட்டால் விடமுடியாதே!" என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். அதற்கு விடை இப்போது நமக்குத் தெரியும். நலமாக இருக்கும் நாளில்தான் உள்தோல் அடுத்த ஜலதோஷத்துக்கு ஆயத்தமாகின்றது. அந்நாளில் மருந்தை நிறுத்தினால், வைரஸ் வரும்போது சருகு குவிந்து கிடக்கும். தினமும் பல் துலக்குவதைப் பழக்கம் என்று அஞ்சுவார் எவருமில்லை. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. நுண்ணுயிர்க் கொல்லி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குவதால் பயனில்லை; அவை பாக்டீரியாக்களைக் கொல்வன, வைரசை அல்ல.

உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ ஆஸ்துமா உள்ள தோழர் இருப்பின், ஜலதோஷம் கண்டவர்கள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதும் அவருக்குச் செய்யும் பேருதவி. பேசத் தொடங்கிய ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் அவர் மூச்சு வாங்கினாலும், இன்ஹேலரின் பயன் நான்கு மணி நேரமும் நில்லாவிட்டாலும், உதடுகள் நீலம் பாய்ந்தாலும், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. 108 என்னும் எண்ணை அழைத்து அப்போதே மருத்துவமனை சேர்க்க வேண்டும். ஆஸ்துமாவால் நேரும் மரணங்களுள் பல, காலத்தே உதவி கிடைத்திருந்தால் தடுக்கக் கூடியவை.

அந்த அறையில் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்த இளைஞன் மழையில் நனையாமல் இருந்திருந்தாலும் ஜலதோஷம் அவனுக்கு வந்திருக்கும். உடன் இருந்த மூவருக்கும் வந்ததல்லவா? ஜலதோஷத்தை அறவே ஒழிக்க நம்மால் இன்று இயலவில்லை. ரைனோ வைரசில் 160க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால் அதற்குத் தடுப்பூசி செய்வதும் அரிதாக உள்ளது. ஆனால் அந்த ஜலதோஷம் மூவருக்கு எப்படி ஒரு வாரத் தும்மலாக முடிந்ததோ, அவ்வாறே நான்காமவனுக்கும் முடியும்படி செய்ய நம்மால் இயலும். அதற்கு வேண்டியது, நலமாக இருக்கும் நாட்களிலும் அவன் தவறாது எடுத்துக்கொள்ள வேண்டிய சிறிதளவு மருந்தும், அது எதற்காக என்ற தெளிவும் ஆகும்.